மெமரி கெட்டுப்போன கெர்னல் டம்ப்ல அனாலிசிஸ் டூல் படுத்துக்காம இருக்க என்ன பண்ணணும்?

கேள்வி சுருக்கமா இதுதான்: கெர்னல் க்ராஷ் டம்ப்பை, அதாவது லினக்ஸ் கெர்னல் செத்தப்ப இருந்த மெமரியோட நகலைப் படிச்சு ப்ராசஸ் லிஸ்ட், மாட்யூல், ஸ்லாப் (கெர்னல் சின்னச் சின்ன ஆப்ஜெக்டுக்கு மெமரி ஒதுக்குற முறை) விவரம்லாம் காட்டுற மாதிரி ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிருக்கீங்க, நல்ல டம்ப்ல ஒழுங்கா ஓடுது, மெமரி கெட்டுப்போன டம்ப் வந்தா பாதில எரர் அடிச்சு நின்னுடுது இல்லன்னா முடிவே இல்லாம சுத்திக்கிட்டே கிடக்கு. எல்லா ரீடையும் ட்ரை-எக்செப்ட் போட்டு மூடிட்டா போதுமானு கேக்குறீங்க. போதாது, சொல்லப்போனா அது இன்னும் மோசம், ஏன்னா இப்ப உங்க டூல் கத்திட்டு சாகுது, அப்பிடி மூடுனா சத்தமில்லாம தப்பான பதில் சொல்ல ஆரம்பிச்சிடும்.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. கெட்டுப்போன டம்ப்ங்கறது எப்பவாவது வர்ற அபூர்வ கேஸ் இல்ல. கெர்னல் பேனிக் ஆகுறதுக்கு அடிக்கடி வர்ற காரணங்கள்ல ஒண்ணு யாரோ எவன் மெமரிலயோ எழுதிட்டது, ஃப்ரீ பண்ண ஆப்ஜெக்ட்ல திரும்ப எழுதுறது, பஃபர் எல்லையைத் தாண்டுறது, ஈசிசி (பிட் பிழையைத் தானா திருத்துற வசதி) இல்லாத மெஷின்ல ஒரு பிட் மாறிப்போறது, டிரைவர் தப்பான அட்ரஸுக்கு டிஎம்ஏ (சிபியு வழியா போகாம டிவைஸே நேரா மெமரில எழுதுறது) விடுறது. மெமரி எல்லாம் சரியா இருக்கும்னு நம்பி எழுதின டூல், டூல் ரொம்ப அவசியமா தேவைப்படுற டம்ப்லதான் கைவிடும். அதனால தாங்குற சக்திங்கறது பின்னாடி சேத்துக்குற விஷயம் இல்ல, டிசைன்லயே இருக்கணும். ரெண்டு விதி வச்சுக்கோங்க: டூல் சாகக் கூடாது, டூல் பொய்யும் சொல்லக் கூடாது. முதலாவதை எல்லாரும் கவனிக்கிறாங்க, ரெண்டாவதைத்தான் விட்டுடுறாங்க.

கெட்ட டேட்டான்னு பொதுவா சொல்றோம், ஆனா அதுல மூணு வகை இருக்கு, மூணையும் ஒரே எரரா பாத்தீங்கன்னா எதையும் ஒழுங்கா கையாள முடியாது.

ஒண்ணு, டேட்டா டம்ப்லயே இல்ல. மேக்டம்ப்ஃபைல் (டம்ப்பைச் சுருக்கி எழுதுற டூல்) பொதுவா 31ங்கற லெவல்ல ஓடும், அதாவது 1 சீரோ பேஜ், 2ம் 4ம் கேஷ் பேஜ், 8 யூசர் பேஜ், 16 ஃப்ரீ பேஜ், எல்லாத்தையும் கூட்டினா 31, இத்தனையும் கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் எழுதும். இல்லன்னா டம்ப் எழுதும்போது டிஸ்க் நிரம்பி பாதில நின்னிருக்கும். ரெண்டாவது வகைதான் நிஜமான கரப்ஷன், பைட் இருக்கு ஆனா தப்பு. மூணாவது வகையை நிறைய பேர் மறந்துடுறாங்க, பைட் எல்லாம் சரிதான், ஆனா ஒரு சிபியு பேனிக் ஆனதும் மத்த சிபியு எல்லாத்தையும் என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) விட்டு நிறுத்துறாங்க இல்லையா, அதுல ஏதாவது ஒரு சிபியு லிஸ்ட்ல நோட் சேத்துக்கிட்டு இருக்கும்போது நாலு தடவை எழுத வேண்டியதுல மூணாவதுல நின்னிருக்கும். அது கரப்ஷன் இல்ல, பாதி வேலை. ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்தை லைவ்வா படிச்சா இந்த மூணாவது வகை நிமிஷத்துக்கு நிமிஷம் வரும்.

முதல் வகையில உள்ள பெரிய ஆபத்து என்னன்னா, இல்லாத பேஜுக்குப் பதிலா சீரோ குடுக்குறது. க்ராஷ் யுட்டிலிட்டில (டம்ப் அலசுற டூல், இனிமே வெறும் க்ராஷ்னு சொல்றேன்) ஜீரோ எக்ஸ்க்ளூடட்னு ஒரு ஆப்ஷனே இருக்கு, கழிச்ச பேஜையும் டம்ப் முடியாம விடுபட்ட பேஜையும் சீரோவா நிரப்பிக் குடுக்கும். சில நேரம் செஷனுக்குள்ளயே நுழைய முடியாதப்ப அது ஒண்ணுதான் வழி, அந்த வகையில நல்ல விஷயம்தான். ஆனா சீரோவுக்கு கெர்னல்ல அர்த்தம் இருக்கு பாருங்க. டாஸ்க் ஸ்டேட் 0ன்னா டாஸ்க் ரன்னிங். ஒரு பாயின்டர் 0ன்னா நல், ஹாஷ் பக்கெட் லிஸ்ட்ல அது முறைப்படியான முடிவு. கவுன்ட்டர் 0ன்னா யாரும் வச்சிருக்கல. படிக்க முடியாத ஒரு பேஜால, தூங்கிக்கிட்டு இருந்த ப்ராசஸ் ஓடிக்கிட்டு இருந்ததா ஆயிடும், அறுந்துபோன லிஸ்ட் ஒழுங்கா முடிஞ்சதா ஆயிடும், எங்கயுமே ஒரு எரர் வராது. அதைப் பாத்துட்டு ஒருத்தர் ரன்-க்யூ (ஓடக் காத்திருக்கிற டாஸ்க் வரிசை) பக்கம் போய் நாள் முழுக்க தேடுவாரு. அதனால ரீட் பண்ற லேயர்ல இருந்தே பதில் ரெண்டா வரணும்: பைட் கிடைச்சுதா, கிடைக்கலன்னா ஏன். நிஜமான சீரோ பேஜ்னு டம்ப்ல இருக்குற விவரத்தைப் பாத்து உறுதியா தெரிஞ்சாதான் சீரோ. கழிச்ச பேஜ்னா கழிச்சதுன்னு சொல்லுங்க, டம்ப் முழுசா எழுதப்படலன்னா அதைச் சொல்லுங்க, அட்ரஸ் எந்த மேப்பிங்லயும் இல்லன்னா அதைச் சொல்லுங்க. இந்த மூணு பதிலும் டம்ப் பாக்குறவருக்கு மூணு வேற வேற திசையைக் காட்டும்.

க்ராஷோட உள்ள இதுக்கு ரீட்மெம்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, கூப்பிடுறவர் ரெண்டுல ஒண்ணு சொல்லணும், ஃபெயில் ஆனா கமாண்டையே நிறுத்திடு, இல்லன்னா எனக்கு ஃபால்ஸ் குடுத்துட்டு வேலையை என்கிட்ட விடு, கூடவே சத்தம் போடாதன்னும் சொல்லலாம். நிறுத்துற வழில போனா லாங்ஜம்ப் போட்டு நேரா ப்ராம்ப்டுக்கு வந்துடும். ஒரே ஒரு ஆப்ஜெக்டைக் காட்டுற கமாண்டுக்கு இது சரி. ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்ல ஒண்ணு கெட்டதுக்காக மொத்த கமாண்டும் நிக்கிறதுதான் வயித்தெரிச்சல். ஃபார்ஈச் கமாண்ட்ல அதுக்குன்னே தனியா ஒரு திரும்புற இடம் வச்சிருக்காங்க, ஒரு டாஸ்க்ல எரர் வந்தா அடுத்த டாஸ்க்குக்குப் போயிடும். நீங்க எடுத்துக்க வேண்டியது அந்த ஐடியாவைத்தான்: பழுதோட எல்லை எதுன்னு முடிவு பண்ணுங்க. டாஸ்க் லிஸ்ட் காட்டுறீங்களா, எல்லை ஒரு டாஸ்க். ஸ்லாப் காட்டுறீங்களா, எல்லை ஒரு ஸ்லாப். ஒரு டாஸ்க்குக்குள்ளயும் பேர் படிக்க முடியல ஆனா பிஐடி கிடைச்சுதுன்னா பேர் இருக்குற இடத்துல படிக்க முடியலன்னு போட்டுட்டு பிஐடியைக் காட்டுங்க, அந்த வரியையே தூக்கி எறியாதீங்க.

டிராகன்ல (drgn, கெர்னல் மெமரியைப் பைத்தான்ல அலசுற டூல்) பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதுறவங்களுக்கு இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. அதுல படிக்க முடியாத அட்ரஸ்னா ஃபால்ட் எரர் வரும், எந்த அட்ரஸ்னும் அதுலயே இருக்கும், நல்ல விஷயம். ஆனா ஆப்ஜெக்ட் எல்லாம் சோம்பேறியா படிக்கிற ரகம், ஒரு மெம்பரை எடுக்குற வரில பெரும்பாலும் மெமரியே தொடாது, அந்த வேல்யூவை நம்பராவோ ஸ்ட்ரிங்காவோ மாத்துறப்பதான், இல்ல அந்தப் பாயின்டர் வழியா அடுத்ததுக்குப் போறப்பதான் ரீட் நடக்கும். நீங்க மெம்பர் எடுக்குற இடத்துல ட்ரை போட்டு, வெளியில பிரிண்ட் பண்ற இடத்துல போடாம விட்டா, எக்செப்ஷன் சம்பந்தமே இல்லாத இடத்துல வெடிக்கும். அதனால ஒரு ஐட்டத்துக்குத் தேவையான எல்லா வேல்யூவையும் ஒரே இடத்துல, ட்ரைக்கு உள்ளயே சாதாரண பைத்தான் வேல்யூவா மாத்தி எடுத்துக்கிட்டு அப்பறமா ஃபார்மேட் பண்ணுங்க. பிடிக்கிறதும் ஃபால்ட் எரரை மட்டும் பிடிங்க. எல்லா எக்செப்ஷனையும் பிடிச்சீங்கன்னா, புது கெர்னல்ல ஒரு மெம்பர் பேர் மாறினதுகூட மெமரி கரப்ஷன் மாதிரி தெரியும், அது டம்ப்போட தப்பு இல்ல, உங்க ஸ்க்ரிப்ட் பழசாயிடுச்சு.

இப்ப லிஸ்ட் நடக்குற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா கெர்னல் டம்ப்ல பாதி வேலை லிஸ்ட் நடக்குறதுதான், தொங்கிப் போறதும் இங்கதான். சுழல் இருக்கானு பாக்குறது கட்டாயம். ஒண்ணு போன அட்ரஸ் எல்லாத்தையும் ஒரு செட்ல வச்சுக்கலாம், க்ராஷ் ஹாஷ் டேபிள் வச்சு அதைத்தான் பண்ணுது, திரும்ப வந்த அட்ரஸ்னா டூப்ளிகேட் லிஸ்ட் என்ட்ரினு சொல்லி நிறுத்தும். ரொம்பப் பெரிய லிஸ்ட்னா ப்ரென்ட் அல்காரிதம் போடலாம், மெமரி தின்னாது, க்ராஷ்லயே அதுக்கும் ஆப்ஷன் இருக்கு. லிஸ்டோட தலைக்குத் திரும்பி வந்தா மட்டும் நிறுத்துவேன்னு எழுதுனா போதாது, கெட்டுப்போன லிஸ்ட் நடுவுல இருக்கிற ஒரு நோட்டுக்குத் திரும்பும், தலைக்கு வராது.

ஆனா சுழலைக் கண்டுபிடிச்சு நிறுத்துறது குறைஞ்சபட்சம்தான். கெர்னலோட இரட்டை லிஸ்ட் ஒரு வரப்பிரசாதம், ஒவ்வொரு இணைப்பும் ரெண்டு இடத்துல எழுதியிருக்கு, நெக்ஸ்ட் அடுத்த நோட்டையும் ப்ரீவ் முந்தின நோட்டையும் காட்டும். ஒவ்வொரு நோட்லயும் நெக்ஸ்டோட ப்ரீவ் நம்மளையே காட்டுதானு பாருங்க. உடைஞ்சுதுன்னா அங்கயே நிக்காதீங்க, தலைக்குப் போய் ப்ரீவ் வழியா பின்னாடியிருந்து நடந்து வாங்க. இதை ஏன் பல டூல் செய்யறதே இல்லன்னு எனக்குப் புரியவே இல்ல, இவ்வளவு பலன் குடுக்குற விஷயம் வேற கிடையாது. ஒரு உதாரணம் பாப்போம். ஏழு நோட் இருக்கு. முன்னாடியிருந்து போறப்ப மூணாவது நோட் வரைக்கும் சரி, மூணாவதோட நெக்ஸ்ட் குப்பை. பின்னாடியிருந்து வர்றப்ப ஏழு, ஆறு, அஞ்சு, நாலு எல்லாம் சரி, நாலாவதோட ப்ரீவ் கரெக்டா மூணாவதைக் காட்டுது. அப்ப லிஸ்ட்ல ஒரு நோட் கூட தொலையல, ஏழும் கிடைச்சுடுச்சு, மூணாவது நோட்டோட நெக்ஸ்ட் இருக்குற 8 பைட்லதான் அடி விழுந்திருக்குனு தெரியுது. இப்ப அந்த 8 பைட்டைப் பாருங்க. எல்லாம் 6பி 6பி 6பின்னு இருந்தா ஸ்லாப் டீபக் போடுற பாய்சன் (ஃப்ரீ ஆனதுன்னு அடையாளம் வைக்க நிரப்புற பைட்), அந்த ஆப்ஜெக்ட் ஃப்ரீ ஆயிடுச்சு, ஆனா லிஸ்ட்ல இருந்து எடுக்கல. படிக்கிற மாதிரி எழுத்தா இருந்தா பக்கத்துல எங்கயோ ஸ்ட்ரிங் காப்பி எல்லை தாண்டியிருக்கு, அந்த ஸ்ட்ரிங்கே யார்னு காட்டிக்குடுக்கும். நெக்ஸ்ட் மட்டும் கெட்டு ப்ரீவ் நல்லா இருந்தா, எழுதினவன் சரியா அந்த எட்டு பைட்டோட நிறுத்தியிருக்கான், அது ஒரு தடயம். டூல் இந்த 8 பைட்டையும் சுத்தி இருக்கிற கொஞ்சத்தையும் தானாவே பிரிண்ட் பண்ணணும், மனுஷனைத் திரும்ப தட்டி எடுக்க விடக் கூடாது.

இதுல பொய் எச்சரிக்கை வராம பாத்துக்கணும். டெட்-னு ஆரம்பிச்சு கடைசில 100 இல்லன்னா 122னு முடியுற அட்ரஸ் வந்தா அது லிஸ்ட் பாய்சன், 100 நெக்ஸ்ட்ல போடுறது, 122 ப்ரீவ்ல போடுறது, ரெண்டும் இருந்தா அந்த நோட் ஏற்கெனவே லிஸ்ட்ல இருந்து எடுக்கப்பட்டுடுச்சு. ஆனா ஆர்சியு முறையில (ரீடர் லாக் எடுக்காமலே படிக்கிற ஏற்பாடு) எடுத்தா ப்ரீவ்ல மட்டும்தான் பாய்சன் இருக்கும், நெக்ஸ்டை வேணும்னே விட்டு வைப்பாங்க, ஏற்கெனவே அந்த நோட்ல நிக்கிற ரீடர் தொடர்ந்து நடக்கணும்ல. அதைக் கரப்ஷன்னு சொன்னா தப்பு. இன்னொண்ணு அந்த மூணாவது வகை, பாதில நின்ன வேலை. லிஸ்ட்ல சேக்குறப்ப கெர்னல் எழுதுற வரிசை இப்பிடி: முதல்ல அடுத்த நோட்டோட ப்ரீவ்ல புதுசை எழுதும், அப்பறம் புதுசோட நெக்ஸ்ட், புதுசோட ப்ரீவ், கடைசியாத்தான் முந்தின நோட்டோட நெக்ஸ்ட். நடுவுல சிபியு நின்னிருந்தா முன்னாடியிருந்து போறவனுக்குப் புது நோட் தெரியாது, பின்னாடியிருந்து வர்றவனுக்குத் தெரியும். சரியா இந்த வடிவத்துல ஒரு முரண் இருந்தா, அதைக் கரப்ஷன்னு கத்தாம, சேக்குற வேலை நடுவுல நின்னிருக்கலாம்னு எழுதுங்க, கூடவே எந்த சிபியு அந்த நேரத்துல அந்த லிஸ்டோட லாக்கை வச்சிருந்துதுன்னு பாக்கச் சொல்லுங்க. எடுக்குறதுக்கும் இதே மாதிரி ஒரு வடிவம் இருக்கு, அது இதுக்கு நேர் எதிர், முன்னாடியிருந்து பாத்தா நோட் இருக்கும், பின்னாடியிருந்து பாத்தா இருக்காது.

மரங்களுக்கும் இதே புத்திதான். ரெட்-பிளாக் ட்ரீ நடக்கும்போது குழந்தையோட பேரன்ட் நம்மளைக் காட்டுதானு பாருங்க, பேரன்ட் பாயின்டரோட கீழ் பிட்ல கலர் இருக்கும் அதை மாஸ்க் பண்ண மறக்காதீங்க, ஆழம் 128ஐ தாண்டினா நிறுத்திடுங்க, 64-பிட் மெஷின்ல ஒழுங்கான ரெட்-பிளாக் ட்ரீ அவ்வளவு ஆழம் போகவே முடியாது. ரிகர்ஷன் போட்டு எழுதாதீங்க, சுழல் இருந்தா ஸ்டாக் தீந்து டூலே செத்துடும்.

அடுத்தது, டம்ப்ல இருந்து படிச்ச எண்ணை நம்பி எதையும் அலொகேட் பண்றது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஒரு ப்ராசஸோட ஃபைல் டேபிள் ஃப்ரீ ஆகி பாய்சன் ஆயிருக்குன்னு வைங்க, மேக்ஸ் எஃப்டிஎஸ்ங்கற (டேபிள்ல எத்தனை ஃபைலுக்கு இடம்னு சொல்ற) 4 பைட் ஃபீல்டும் 6பி 6பி 6பி 6பி ஆயிருக்கும், டெசிமல்ல அது 1802201963. அத்தனை பாயின்டரை ஒரே தடவைல படிக்கலாம்னு போனீங்கன்னா 8ஆல பெருக்கி 14 ஜிபிக்கு மேல கேப்பீங்க. டூல் மெமரி இல்லாம கொல்லப்படும், கடைசி வரைக்கும் என்ன ஆச்சுன்னே தெரியாது. எண்ணுக்கு எல்லை கெர்னல்லயே கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்க. பிஐடி 64-பிட்ல 4194304ஐ தாண்டாது. ப்ராசஸ் பேர் 16 பைட், அதுக்குள்ள முடிவு சீரோ இல்லன்னா 16ல வெட்டிட்டு, முடிவு இல்லன்னு சொல்லுங்க. ஒரு ஸ்லாப்ல இருக்கிற ஆப்ஜெக்ட் எண்ணிக்கையை விட ஃப்ரீலிஸ்ட் (ஃப்ரீயா இருக்கிற ஆப்ஜெக்ட் வரிசை) நீளமா இருக்க முடியாது.

எண்ணு பெருசா இருந்தா மட்டும் பிரச்சனைனு நினைக்காதீங்க, சின்னதா இருந்தாலும் பிரச்சனைதான். 3.5ல இருந்து 5.10 வர்ற வரைக்கும் இருந்த கெர்னல்ல லாக் பஃபர்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாடி ஒரு 16 பைட் ஹெடர் இருக்கும், அதுல லென்த் 0ன்னா பஃபர் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போன்னு அர்த்தம். பஃபர் நடுவுல ஒரு லென்த் 0ஆ கெட்டுப்போச்சுன்னு வைங்க, டூல் ஆரம்பத்துக்குப் போகும், திரும்ப அதே இடத்துக்கு வரும், திரும்ப ஆரம்பத்துக்குப் போகும், ஒரே லாக்கை விடிய விடிய பிரிண்ட் பண்ணிக்கிட்டு இருக்கும். மருந்து ரொம்ப சிம்பிள், ஒரு தடவைக்கு மேல சுத்தி வரக் கூடாது, மொத்தமா படிச்ச பைட் பஃபர் சைஸைத் தாண்டக் கூடாது. அதோட, கட்டமைப்பு உடைஞ்சாலும் எழுத்து பெரும்பாலும் அங்கயேதான் இருக்கும், அதனால லாக் காட்டுற கமாண்டுக்கு கடைசி வழியா பஃபர் முழுக்க படிக்கிற எழுத்தைத் தேடி அப்பிடியே கொட்டுற ஒரு மோட் வைங்க. கெட்டுப்போன டம்ப்ல மத்த எதுவுமே கிடைக்காதப்ப கெர்னல் லாக் கடைசி சில வரி ஒண்ணே உங்களைக் காப்பாத்தும்.

ஸ்லாப்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, ஏன்னா கரப்ஷன் தேடுறவர் முதல்ல கேக்குறது இந்த அட்ரஸ் எந்த கேஷோட (ஒரே வகை ஆப்ஜெக்டுக்கான ஸ்லாப் தொகுப்பு) ஆப்ஜெக்ட், உயிரோட இருக்கா ஃப்ரீயா அப்பிடிங்கறதுதான். ஃப்ரீ ஆப்ஜெக்ட் எதெதுன்னு தெரிய ஃப்ரீலிஸ்ட் நடக்கணும், அந்த லிஸ்டோட பாயின்டர் ஃப்ரீ ஆப்ஜெக்டுக்குள்ளயே இருக்கு, ஃப்ரீ பண்ண பிறகு எழுதுற பக் இருந்தா முதல்ல நாசமாகுறதே அதுதான். ஃப்ரீலிஸ்ட் ஹார்டன்ட் கான்ஃபிக் இருந்தா அந்தப் பாயின்டர் அப்பிடியே இருக்காது, கேஷோட ரேண்டம் எண்ணோடயும் அது இருக்கிற அட்ரஸோடயும் எக்ஸார் பண்ணி வச்சிருக்கும், 5.7ல இருந்து அந்த அட்ரஸோட பைட் வரிசையைத் திருப்பிப் போட்டு எக்ஸார் பண்றாங்க. அதனால கெட்டுப்போன பாயின்டரை டிகோட் பண்ணா வர்றது பாக்க முழு ரேண்டமா இருக்கும், பாய்சன் பேட்டர்ன் தெரியாது. டிகோட் பண்ண வேல்யூவையும் பண்ணாத ரா பைட்டையும் ரெண்டையுமே காட்டுங்க. செக் பண்றது சுலபம், அடுத்த ஆப்ஜெக்ட் இதே ஸ்லாப் எல்லைக்குள்ள இருக்கணும், ஆப்ஜெக்ட் சைஸோட சரியான மடங்குல இருக்கணும், இல்லன்னா உடைஞ்சிருக்கு.

உடைஞ்சதும் டூல் என்ன சொல்லுதுங்கறதுலதான் அந்த ரெண்டாவது விதி வருது. ஒரு ஸ்லாப்ல 32 ஆப்ஜெக்ட், ஃப்ரீலிஸ்ட்ல 5 பாத்துட்டோம், அதோட உடைஞ்சுடுச்சு. நிறைய டூல் மிச்சம் 27ஐயும் அலொகேட்டட்னு காட்டிடும். அது பொய். அந்த 27ல சிலது ஃப்ரீயா இருக்கலாம், நமக்குத் தெரியாது. மூணாவதா ஒரு நிலை கட்டாயம் வேணும், தெரியாதுன்னு. ஒருத்தர் உயிரோட இருக்குற ஆப்ஜெக்ட் எல்லாத்தையும் எண்ணி லீக் கணக்குப் போடுறாருன்னா, அந்தக் கணக்குல தெரியாதவை எத்தனைன்னு தனியா வரணும். அதே நேரம் ஒரு ஸ்லாப் உடைஞ்சதுக்காக அந்த கேஷையோ, அந்த கேஷுக்காக மத்த கேஷையோ விட்டுடக் கூடாது.

பாயின்டரை நம்புறதுக்கு முன்னாடி மலிவான செக் நிறைய இருக்கு. எக்ஸ்86 64-பிட்ல நாலு லெவல் பேஜ் டேபிள்னா (விர்ச்சுவல் அட்ரஸை ஃபிசிக்கலா மாத்துற டேபிள்) மேல இருக்கிற 17 பிட்டும் ஒரே மாதிரி இருக்கணும், ஸ்ட்ரக்சர் பாயின்டர்னா பெரும்பாலும் 8ஆல வகுபடணும், டாஸ்க் பாயின்டர்னா, கெர்னலுக்குள்ளயே பதிச்சிருக்கிற இனிட் டாஸ்க்கைத் தவிர, அது டாஸ்க் ஸ்ட்ரக்ட் கேஷுக்குள்ள இருக்கணும். ஒரு பிட் மட்டும் மாறியிருக்குமோன்னு சந்தேகம் வந்தா 64 பிட்டையும் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்து, எதுல சரியான ஆப்ஜெக்ட் கிடைக்குதுன்னு டூலே தேடலாம், இது ரொம்பப் பயனுள்ள வேலை, ஹார்டுவேர் பக்கம் கை காட்டணுமா இல்லையானு முடிவு பண்ண உதவும். ஆனா குறிப்பா மட்டும் காட்டுங்க, 13வது பிட்டைத் திருப்புனா சரியான நோட் வருதுன்னு. தானாவே சரிபண்ணிக்கிட்டு தொடர்ந்து நடக்காதீங்க. கெட்ட பைட்தான் சாட்சி, சாட்சியைத் திருத்துற உரிமை டூலுக்கு இல்ல.

ஸ்டாக் ட்ரேஸுக்கு கெர்னலே ஒரு வழி காட்டியிருக்கு. ஊப்ஸ் மெசேஜ்ல (தப்பு நடந்தப்ப கெர்னல் லாக்ல போடுற அறிக்கை) சில ஃப்ரேம் முன்னாடி ஒரு கேள்விக்குறி வரும் பாத்திருப்பீங்க, அந்த அட்ரஸ் ஸ்டாக்ல இருந்துது ஆனா அன்வைண்டர் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுதுன்னு ஸ்டாக்ல பின்னாடி தேடிப் போற பகுதி) உறுதி சொல்லலன்னு அர்த்தம். அதையே பின்பத்துங்க. அன்வைண்ட் பண்றப்ப ஒரே ஸ்டாக்குக்குள்ள ஸ்டாக் பாயின்டர் மேலதான் ஏறணும், ஏறலன்னா சுழல், நிறுத்துங்க. எக்ஸ்86 64-பிட்ல சாதாரண ஸ்டாக் 16 கேபி, அதுக்கு வெளிய போனா ஐஆர்க்யூ (இன்டரப்ட்) ஸ்டாக்கோ எக்செப்ஷன் ஸ்டாக்கோ இருக்கானு பாருங்க, ரெண்டும் இல்லன்னா முடிஞ்சுது. ஸ்டாக்கோட அடில இருக்குற எண்ட் மேஜிக் (எல்லையைக் குறிக்கிற நிலையான எண்) அழிஞ்சிருந்தா ஓவர்ஃப்ளோன்னு முதல் வரிலயே சொல்லுங்க. அன்வைண்டர் கைவிட்டதும் ஸ்டாக் முழுக்க ஸ்கேன் பண்ணி கெர்னல் டெக்ஸ்ட் அட்ரஸ் மாதிரி இருக்குறதை எல்லாம் கேள்விக்குறியோட காட்டுங்க.

இன்னொரு முக்கியமான இடம் டூல் ஸ்டார்ட் ஆகுறது. மாட்யூல் லிஸ்ட் கெட்டிருக்குன்னு செஷனே திறக்கலன்னா கடுப்பா இருக்கும், மாட்யூல் பத்தி நமக்குக் கவலையே இருந்திருக்காது. க்ராஷ்ல அதுக்காகத்தான் மாட்யூல் வேண்டாம், ஸ்லாப் கேஷ் வேண்டாம்னு தனித்தனி ஆப்ஷன் இருக்கு, கடைசி கட்டமா மினிமல் மோட், அதுல லாக் பாக்குறது, மெமரி படிக்கிறது, டிஸ்அசெம்பிள் பண்றது மாதிரி சில கமாண்ட் மட்டும்தான் வேலை செய்யும். நீங்க புதுசா எழுதுறீங்கன்னா ஒவ்வொரு பகுதியும் கேக்குறப்பதான் ரெடியாகணும், ஆரம்பத்துல எதையும் நடக்காதீங்க. அட்ரஸ் மாத்துறதும் அப்பிடித்தான், டைரக்ட் மேப் (ஃபிசிக்கல் மெமரி வரிசையா அப்பிடியே மேப் ஆன பகுதி) அட்ரஸையும் கெர்னல் டெக்ஸ்ட் அட்ரஸையும் வெறும் கழித்தல் போட்டே ஃபிசிக்கலா மாத்திடலாம், அதுக்குப் பேஜ் டேபிள் நடந்தா பேஜ் டேபிள் கெட்ட டம்ப்ல எல்லாமே போயிடும். விமேலாக் (சிதறிக் கிடக்கிற பேஜை ஒட்டினாப்ல காட்டுற பகுதி) அட்ரஸுக்கு மட்டும் நடங்க. 4.9ல இருந்து ஸ்டாக்கும் விமேலாக் பக்கம் போக வாய்ப்பு இருக்கு, அதனால ஸ்டாக் படிக்க முடியலங்கற எரரும் பேஜ் டேபிள் எந்த லெவல்ல உடைஞ்சுதுங்கறதும் சேந்து வரணும்.

அதுக்கும் முன்னாடி, எல்லாமே குப்பையா தெரிஞ்சா மெமரி மேல பழி போடாதீங்க. டீபக் இன்ஃபோ (ஸ்ட்ரக்சர் எப்பிடி அமைஞ்சிருக்குன்னு சொல்ற விவரம்) வேற பில்டோடதா இருந்தா ஒவ்வொரு ஆஃப்செட்டும் தப்பாகி எல்லா ஸ்ட்ரக்சரும் கரப்ட் ஆன மாதிரிதான் தெரியும். பில்ட் ஐடி, லினக்ஸ் பேனர், கேஏஎஸ்எல்ஆர் ஆஃப்செட் (பூட் ஆகும்போது கெர்னல் அட்ரஸ் ரேண்டமா நகர்ந்த தூரம்) மூணையும் முதல்ல சரிபாத்து, பொருந்தலன்னா பெருசா எச்சரிக்கை குடுங்க. இந்த விவரத்தை டம்ப்ல வச்சிருக்கிற விஎம்கோர்இன்ஃபோ நோட்டே கெட்டிருந்தா ஆஃப்செட்டைக் கையால குடுக்க வழி வைங்க.

லைப்ரரி எழுதுறீங்கன்னா கடுமையானது, பொறுத்துக்கிறது ரெண்டையும் தனித்தனி ஃபங்ஷனா வைங்க. டிராகன்ல லிஸ்ட் நடக்குறதுக்கு சாதாரண ஹெல்பரும் இருக்கு, ஒவ்வொரு இணைப்பையும் சரிபாத்து தப்புன்னா வேலிடேஷன் எரர் எழுப்புற வேலிடேட் ஹெல்பரும் இருக்கு, ரெண்டுக்கும் தேவை இருக்கு. ஆட்டோமேட்டிக்கா ஆயிரம் டம்ப்பை அலசுற ஸ்க்ரிப்டுக்கு கடுமையானது வேணும், மனுஷன் உக்காந்து பாக்குற கமாண்டுக்குப் பொறுத்துக்கிறது வேணும். அவுட்புட்டை அப்பப்ப ஃப்ளஷ் பண்ணுங்க, கன்ட்ரோல்-சி அடிச்சா அதுவரைக்கும் கிடைச்சது கையில இருக்கணும். எத்தனை ஐட்டம் முழுசா, எத்தனை பாதி, எத்தனை கிடைக்கலன்னு கடைசில ஒரு வரி வரணும், எக்ஸிட் கோடும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறணும்.

டெஸ்ட் பண்ண நிஜமான கெட்ட டம்ப் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். கெர்னல்லயே எல்கேடிடிஎம்னு மாட்யூல் இருக்கு, டீபக்எஃப்எஸ் (டீபக்குக்கான ஃபைல் சிஸ்டம்) வழியா லிஸ்டைக் கெடுக்கச் சொல்லலாம், ஃப்ரீ பண்ணதுல எழுதச் சொல்லலாம், விஎம்ல ஓடவிட்டு டம்ப் எடுத்துக்கலாம். அதை விட எனக்குப் பிடிச்சது, நல்ல டம்ப் ஒண்ணை வச்சுக்கிட்டு ரீட் லேயர்ல குறுக்க நிக்கிறது. டிராகன்ல ஒரு அட்ரஸ் ரேஞ்சுக்கு நம்ம சொந்த ரீட் ஃபங்ஷனைக் குடுத்து மெமரி செக்மென்ட் சேக்கலாம், புதுசா சேத்தது பழசுக்கு மேல நிக்கும். அதனால டம்ப் ஃபைலைத் தொடாமலே மூணாவது டாஸ்க்கோட நெக்ஸ்ட் பாயின்டரை மட்டும் 6பியால நிரப்பி, இல்ல ஒரு பிட் மட்டும் திருப்பி, இல்ல அந்தப் பேஜே இல்லன்னு சொல்லி டெஸ்ட் எழுதலாம். ரேண்டமா கெடுக்குறீங்கன்னா சீடைப் பதிவு பண்ணி வைங்க, ஃபெயில் ஆனதைத் திரும்ப ஓட்ட முடியணும். பாஸ் ஆச்சுன்னு சொல்ல மூணு நிபந்தனை வைங்க: குறிச்ச நேரத்துக்குள்ள முடியணும், கெடுக்காத ஐட்டம் எல்லாம் நல்ல டம்ப்ல வந்த மாதிரியே வரணும், கெடுத்ததைத் தொட்ட எந்த ஐட்டமும் அடையாளம் இல்லாம வெளிய வரக் கூடாது. இந்த மூணாவதை அசெர்ட் பண்ற டெஸ்டை முதல்ல எழுதுங்க, இப்ப இருக்குற உங்க ஸ்க்ரிப்ட்ல எங்கெங்க சத்தமில்லாம சீரோ விழுதுன்னு அதுவே காட்டிடும்.